கேழ்வரகுக் களியும் கோதுமை ரொட்டியும்
கண்டிச் சீமைத் தமிழரின் உணவு நினைவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசரையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆராய்வதே பெருவழக்கு. அடுக்களையை அவர்கள் எட்டிப் பார்ப்பது அரிது. ஆயினும், பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்தோரின் வரலாற்றில் அடுக்களைக்கு உரிய இடம் ஒன்று உண்டு. ஊரைப் பிரிந்தவன் ஊரை நினைக்குந்தோறும் அவ்வூர் உணவையும் நினைக்கின்றான். அந்நினைவு இயல்பாய்த் தோன்றுவது போலக் காணப்படினும், எவ்வுணவை நினைப்பது என்பதை அவன் வாழ்ந்த காலமே முடிவுசெய்கின்றது. கண்டியையும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களையும் வாழ்விடமாகக் கொண்ட தமிழர் எவ்வுணவை நினைந்து ஏங்கினர், அவ்வேக்கம் காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி இராச்சியத்தில் அந்நியராய் வாழ்ந்தோருள் உணவு பற்றி விரிவாக எழுதிவைத்தவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660 ஆம் ஆண்டிற் கொட்டியாரத்தில் அகப்பட்ட இவர், இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சிக்குட்பட்ட கிராமங்களிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தடுத்துவைக்கப்பட்டிருந்து, 1679 இல் தப்பிச் சென்றார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில் நெல் விளைவிக்கும் முறையும் மக்கள் உண்ணும் முறையும் நுணுக்கமாக விவரிக்கப்பட்டுள்ளன. பலாவின் பிஞ்சுக்கும் காய்க்கும் கனிக்கும் சிங்களத்தில் வழங்கும் வெவ்வேறு பெயர்களைக்கூட அவர் குறித்துள்ளார். பிறர் இட்ட உணவை உண்டு நெடுங்காலம் வாழ்ந்தவனுக்கு உணவு சிறு பொருளாகத் தோன்றாது என்பதற்கு அந்நூல் சான்று.

நொக்ஸ் எழுத்தறிவு உடையவர். ஆதலின் அவர் உண்டதை நாம் அறிவோம். அவருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளின் பின் இதே மலைகளுக்கு வந்த தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோர் எழுத்தறிவு பெற்றிலர். அவர் உண்டதையும் நினைந்ததையும் தோட்டத்து அரிசிக் கணக்கிலும், வாய்மொழி மரபிலும், இன்று அவர் வழித்தோன்றல்களின் அடுப்பங்கரையிலுமே தேடவேண்டியுள்ளது.

1815 இற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820 களிற் கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பாரும், பேராதனையை அடுத்த கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸும் கோப்பித் தோட்டங்களைத் திறந்தனர். அத்தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளர் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தனர். தோணியேறி மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைவது அவர் வழி. அவ்வழியிற் பசியாலும் கொள்ளைநோயாலும் மாண்டோர் பலர்.

அவர் விட்டுவந்த ஊர்களிற் பல, மழையை நம்பிய புன்செய் ஊர்கள். கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு, சாமை என்பனவே அங்கு ஏழை எளியோரின் அன்றாட உணவு. காலையிற் கம்பங்கூழும் மாலையிற் களியும் உண்டவர்க்கு நெற்சோறு விழா நாளுக்குரியது. கண்டிச் சீமைக்குச் சென்றால் நாள்தோறும் அரிசிச் சோறு உண்ணலாம் என்ற எண்ணம் அவர்க்கு எத்துணைப் பெரிதாயிருந்திருக்கும் என்பதை இதனால் உணரலாம்.

சோறு கிடைத்தது. ஆயின் அது இலவசமாகக் கிடைத்ததன்று. காட்டை அழித்துக் கோப்பி நட்ட சரிவுகளில் உணவுப்பயிர் விளையவில்லை. தென்னிந்தியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும், பின்னர்ப் பெரிதும் பர்மாவிலிருந்தும் அரிசி கப்பலிற் கொழும்புக்கு வந்தது. அங்கிருந்து மாட்டுவண்டியிலும், 1867 இற் கண்டிக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின் வண்டித்தொடரிலும் மலைக்கு ஏறியது. தோட்டக் களஞ்சியத்தில் அளந்து கொடுக்கப்பட்ட அவ்வரிசியின் விலை தொழிலாளியின் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. எவ்வகை அரிசி வேண்டும் எனத் தெரிந்தெடுக்கும் உரிமை உண்பவனுக்கு இருக்கவில்லை. அயற்கிராமத்துச் சிங்கள உழவர் சேனையில் விளைவித்த குரக்கன், அவன் ஊரிற் கேழ்வரகு எனப்பட்ட அதே தானியந்தான். கண்ணுக்கு எட்டிய தொலைவில் அது விளைந்தும், அவனது உணவு பெரும்பாலும் களஞ்சியத்தின் வாயிலாகவே வந்தது.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பிழைப்புத் தேடி இலங்கைக்கு வந்தோர் தொகை அக்காலத்திற் பெருகிற்று. அவர் நினைந்து ஏங்கிய ஊரிலேயே அடுப்பு எரியவில்லை. ஆகவே ஊர் உணவின் மீதான ஏக்கத்தைச் செழிப்பின் மீதான ஏக்கமாகக் கொள்ளுதல் பொருந்தாது. சிலவேளைகளில் உணவே இல்லாத ஓர் ஊரின் உணவையும் மனம் நாடுகின்றது.

கோப்பிப் பயிர்க்கு அறுவடைக் காலத்திலேயே ஆட்கள் மிகுதியும் வேண்டியிருந்தனர். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869 இற் காணப்பட்ட இலைநோய் நாளடைவிற் கோப்பியை அழித்தது. 1867 இற் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். எனவே தொழிலாளர் குடும்பமாக லயங்களில் நிலைத்தனர். லயத்துக் காம்பராவிற் பிறந்த பிள்ளைக்குக் கம்பங்கொல்லை என்பது பாட்டி சொல்லும் கதையாயிற்று.

கண்டி நகருக்கு வந்த பிறிதொரு தமிழர் கூட்டத்தோடு இந்நிலையை ஒப்பிடுதல் தகும். அரசாங்க எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும், 1952 இற் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபின் மாணவராகவும் விரிவுரையாளராகவும் யாழ்ப்பாணத்தார் பலர் இங்கு வந்தனர். ஒடியற் கூழும் புழுக்கொடியலும் பனாட்டும் அவர் நினைவில் நின்றன. ஆயின் அவர்க்கு விடுமுறை இருந்தது, புகையிரதம் இருந்தது, பொல்காவலையில் வண்டி மாறிச் சென்று வரும்போது பொதி கட்டிக் கொணர வீடு இருந்தது. தோட்டத் தொழிலாளியின் பேரனுக்கு அத்தகைய பொதி எங்கிருந்தும் வரவில்லை. ஏக்கம் நிலைப்பதும் தேய்வதும் வெறுந் தூரத்தினால் மட்டும் அமைவன அல்ல. சென்று மீளும் வசதியினாலும் அமைவன. ஒடியல் மறவாது நின்றமைக்கும் கம்பு மறக்கப்பட்டமைக்கும் காரணம் இதுவே என்பது எமது கருத்து.

1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி தடைப்பட்டது. பங்கீட்டு முறை புகுந்தது. அரிசியின் குறையைக் கோதுமை மா நிரப்பிற்று. தோட்டங்களிற் கோதுமை மா அதற்கு முன்னும் அறியப்படாத பொருளன்று. ஆயின் அது அன்றாட உணவாக வேரூன்றியதற்குப் பங்கீட்டுக் காலமே பெருங்காரணம். விடியற்காலையிற் பெரட்டுக்குச் செல்லவேண்டிய பெண், துருவிய தேங்காயையும் உப்பையும் மாவிற் சேர்த்துப் பிசைந்து, தடித்த ரொட்டியாகத் தட்டிக் கல்லிற் சுட்டெடுப்பாள். செத்தல் மிளகாயும் வெங்காயமும் தேங்காயும் அம்மியில் அரைபட்டுச் சம்பலாகும். மலைக்குக் கொண்டுசெல்ல எளிது, நனையாது பொதியலாம், வயிறு நெடுநேரம் தாங்கும். கோதுமை மண்ணில் விளைவதை ஒருநாளும் கண்டிராத மக்களுக்கு இவ்வாறு கோதுமை ரொட்டி வீட்டுணவாயிற்று. ரொட்டி என்னும் சொல் வட இந்திய மொழிகளிலிருந்தும், சம்பல் மலாய் மொழியிலிருந்தும், கடையில் வாங்கும் பாண் போர்த்துக்கேய மொழியிலிருந்தும் வந்தவை. சொல்லும் பொருளும் வெளியிலிருந்தே வந்தன. அவற்றை வீட்டுக்குரியன ஆக்கியது தாயின் கை.

இம்மாற்றத்தின் ஆழம் 1964 இன் பின்னரே புலனாயிற்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழரின் எதிர்காலத்தை 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் தீர்மானித்தது. ஏறக்குறைய 975,000 பேருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்தன. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டு மா கிடைப்பது அரிதானபோது, தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கப்பலேற விரும்பாதிருந்தோரையும் பசி துரத்தியது. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் உறவினர் கதறி வழியனுப்ப, அவர்கள் தலைமன்னார் சென்று கப்பலேறி இராமேசுவரத்தையும் மண்டபம் முகாமையும் அடைந்தனர். முன்னொரு காலத்தில் இலங்கைக்கு வரும் தொழிலாளரை நோய்ச் சோதனைக்காகத் தடுத்துவைத்த அதே மண்டபம் முகாம், இப்போது மீள்வோரை வரவேற்கும் இடமாயிற்று.

அரசாங்க ஏடுகள் அவரைத் ‘தாயகம் திரும்பியோர்’ எனக் குறித்தன. அவருட் பலர் நீலகிரியில், 1968 இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் கூடலூர், கோத்தகிரி முதலிய பகுதிகளிற் குடியேறினர். மொழி தமிழே, வழிபட்ட மாரியம்மனும் அதே மாரியம்மனே. ஆயின் அயலார் அவரைச் ‘சிலோன்காரர்’ என்றனர். அவரது அடுப்பிலோ தேங்காய் ரொட்டியும் சம்பலும் தொடர்ந்தன. பாட்டன் விட்டுவந்த களியும் கூழும் விளைந்த நாட்டில் நின்றுகொண்டு, பேரன் கண்டிச் சீமை ரொட்டியை வீட்டுணவென நினைத்தான். ஒப்பந்தம் எழுதியோர் மூதாதையரின் கிராமத்தைக் கொண்டு தாயகத்தைக் கணித்தனர். எவ்வடுப்பில் உண்டு வளர்ந்தனர் என்று எவரும் வினவவில்லை. வினவியிருப்பின், ‘திரும்புதல்’ என்னும் சொல் எத்துணைப் பொருந்தாதது என்பது அன்றே விளங்கியிருக்கும்.

எனினும் ரொட்டியைப் போற்றிப் பாடுதல் எமது கருத்தன்று. வெண்மாவும் தேங்காயும் மிளகாயும் வளரும் பிள்ளைக்குப் போதிய ஊட்டம் ஆகா. வறுமையும் நேரமின்மையும் வகுத்த உணவு அது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பெரிதும் ஏறியபோது முதலில் வாடிய அடுப்புகளுள் லயத்து அடுப்பும் ஒன்று. நீரிழிவு நோயாளர்க்கு உகந்ததெனக் கூறிக் குரக்கன் மா இன்று கண்டி நகரக் கடைகளிற் பொதியிட்டு விற்கப்படுகின்றது. வறியோரின் உணவென ஒருகாலத்தில் எண்ணப்பட்ட தானியத்தை அவ்வுணவில் வளர்ந்தோரின் சந்ததியார் மருந்தாக வாங்குகின்றனர். ஓர் உணவை அன்போடு நினைப்பதும், அது ஏன் நம் பங்காயிற்று என வினவுவதும் ஒன்றையொன்று தடுப்பன அல்ல. வரலாறு கற்போர் இரண்டையும் செய்தல் வேண்டும்.

மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. நடந்த வழி இவ்வாறு மீளவும் நினைக்கப்பட்டது. உண்ட உணவின் வரலாறோ இன்னும் பெரும்பாலும் எழுதப்படாதே கிடக்கின்றது. இக்கல்லூரி மாணவருட் பலரின் இல்லங்களில் எண்பதைக் கடந்த பாட்டிமார் உளர். பங்கீட்டு அட்டை இருந்த காலத்தில் அடுப்பில் எது வெந்தது, அந்த மா எங்கிருந்து வந்தது, கடல் கடந்து சென்ற உறவினர் கடிதங்களில் எவ்வுணவைக் குறித்துக் கேட்டனர் என்று அவரிடம் வினவி, விடையை நாளும் பெயரும் இட்டுக் குறித்துவைத்தல் எந்த மாணவர்க்கும் இயலும். கருவூல ஏடுகளிற் காணப்படாத செய்திகள் அவை. சொல்லக்கூடியோர் உள்ளபோதே அவற்றைக் கேட்டெழுதுதல் நம் கடன்.