பேரேட்டில் ஏறிய பெயர்கள்

அமெரிக்காவில் மனிதருடைய பெயர், முகவரி, வயது, உறவினர் விவரம் ஆகியவற்றைத் திரட்டி விற்கும் தரகர்களிடமிருந்து அவற்றை நீக்கித் தருவதற்கென்றே ஆண்டுச் சந்தா பெறும் ஸ்தாபனங்கள் இன்று பல உள்ளன. இந்த விசித்திரமான தொழிலின் வேரை நாடிச் செல்வோர் 1841-ஆம் ஆண்டின் நியூயார்க் நகரத்துக்கே போய்ச் சேர வேண்டும். தமையனோடு பட்டு வாணிகம் நடத்தி, 1837-இன் பொருளாதார நெருக்கடியில் வராக்கடன்களால் நொடித்துப்போனவரும், அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட தர்மசிந்தையுடையவருமான லூயிஸ் டாப்பன், எவரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பதை வியாபாரிகளுக்கு அறிவிக்கும் பொருட்டு, அவ்வாண்டில் மெர்க்கன்டைல் ஏஜென்சியைத் தொடங்கினார். ஊர்தோறும் இருந்த வக்கீல்கள் முதலானோர் ஒரு கடைக்காரனின் சொத்து, நாணயம், குடிப்பழக்கம், குடும்ப நிலை ஆகியவற்றை எழுதியனுப்ப, அவை பெரிய பேரேடுகளில் ஏறின. சந்தாதாரர் நேரில் வந்தால் குமாஸ்தா அவற்றைப் படித்துச் சொல்வார். பிற்காலத்தில் ஜனாதிபதியான ஆப்ரகாம் லிங்கனும் அவ்வாறு எழுதியனுப்பியவர்களில் ஒருவர். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவனுக்குத் தன் பக்கத்தைக் காணும் உரிமைகூட இல்லை; பின்வந்த கேடுகள் யாவற்றுக்கும் இந்த அநீதியே மூலம் என்பது என் துணிபு.

குறிப்பைக் காணவும் தவறெனில் ஆட்சேபிக்கவும் 1970-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உரிமை அளித்ததாயினும், அது கடன், காப்புறுதி, உத்தியோகம் ஆகியவை பற்றிய அறிக்கைகளோடு பெரும்பாலும் நின்றுவிட்டது; மற்றப் பதிவுகளை அது காக்கவில்லை. 1989-இல், துப்பறிவாளர் ஒருவர் மூலமாகக் கலிபோர்னிய மோட்டார் வாகன இலாகாவின் பதிவிலிருந்து முகவரியைப் பெற்ற ஒருவன், ரெபெக்கா ஷேஃபர் என்னும் இளம் நடிகையை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். வாகனப் பதிவுகளைக் காக்கும் மத்தியச் சட்டம் 1994-இல்தான் வந்தது. அதற்குள் இணையம் தலையெடுத்துவிட்டது. சொத்துப் பத்திரமும் நீதிமன்ற ஏடும் ஒரே பக்கத்தில் கூடி, எவரும் காசு கொடுத்து வாங்கும் சரக்காயின.

டிலீட்மீ போன்ற நீக்கல் சேவைகள் பிறந்தது இந்நிலையில்தான். தரகர் ஒவ்வொருவரிடமும் வாடிக்கையாளர் சார்பில் விண்ணப்பிப்பதே அவற்றின் வேலை. புதிய பதிவுகள் வந்து சேருந்தோறும் நீக்கிய பெயர் மீண்டும் முளைப்பதால், அந்த வேலைக்கு முடிவில்லை, சந்தாவுக்கும் முடிவில்லை. இத்தகைய ஸ்தாபனமான ஒன்ரெப்பின் தலைவரே ஆள்தேடும் தளங்கள் பலவற்றைத் தோற்றுவித்தவர் என்பதை 2024-இல் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளிப்படுத்தியபோது, காயமும் மருந்தும் ஒரே கையிலிருந்து விற்கப்படக்கூடும் என்பது உலகறியத் தெரிந்தது.

உரியவருக்கு இயல்பாகவே சேர வேண்டியதை விலைக்கு விற்கும் இந்த ஏற்பாட்டுக்கு மாற்றாகக் கலிபோர்னியா 2023-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, அம்மாநிலத்தவர் ஒரே விண்ணப்பத்தால் பதிவு பெற்ற தரகர் அனைவரிடமும் தம் விவரத்தை நீக்கக் கோரலாம். அவ்விண்ணப்பங்களை 2026 ஆகஸ்ட் 1 முதல் நிறைவேற்றத் தரகர்கள் கடமைப்பட்டவர்கள். விண்ணப்பிப்போருக்குக் கட்டணம் கிடையாது.