அச்சில் கிடந்த குற்றம்

ரகசியமாகச் செய்வதுதான் குற்றம், பகிரங்கமாகச் செய்வது குற்றமாக இருக்க முடியாது என்றொரு நம்பிக்கை நமக்கு உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மேகான் ஜில்லாவில் 1932 முதல் 1972 வரை நடந்த டஸ்கீகி ஆராய்ச்சியைப் பற்றிப் படிக்கிறவனிடம் இந்த நம்பிக்கை மிஞ்சாது.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை நடத்திய ஆராய்ச்சி அது. சிபிலிஸ் என்கிற மேகநோய் கண்ட 399 பேர், அது இல்லாத 201 பேர். எல்லோரும் கறுப்பின ஆண்கள், பெரும்பாலும் வாரத்துக்கு உழுத ஏழைகள். நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டும் சொன்னார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைச் சிகிச்சை என்று நம்பவைத்தார்கள். அடக்கச் செலவுக்குப் பணம் தருவதாகச் சொல்லி, பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதம் வாங்கினார்கள். 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் இந்நோய்க்கு உரிய மருந்தாக நிலைபெற்றுவிட்டது. ஆராய்ச்சி அதன் பிறகும் கால் நூற்றாண்டு, மருந்து கொடுக்காமலேயே தொடர்ந்தது.

இது மறைக்கப்படவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. முதல் அறிக்கை 1936-ல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து ஒரு டஜன் கட்டுரைகளாவது மருத்துவப் பத்திரிகைகளில் வந்தன. 1953-ல் ‘பப்ளிக் ஹெல்த் ரிப்போர்ட்ஸ்’ இதழில், ஆராய்ச்சியில் பணியாற்றிய நர்ஸ் யூனிஸ் ரிவர்ஸ் மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, நோயாளிகள் விலகிப் போகாமல் இருக்க அடக்கச் செலவு எவ்வளவு உதவியது என்று விவரித்தது. 1964-ல் ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ முப்பதாவது ஆண்டு அறிக்கையை வெளியிட்டது. வைத்தியர்கள் படித்தார்கள். பக்கத்தைத் திருப்பினார்கள்.

1936 கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொல்ல முயன்றபோது ஒரு சிக்கல் எதிர்ப்பட்டது. சிபிலிஸுக்கு முன்னால் ஆங்கிலத்தில் நிற்கும் அடைமொழியைச் ‘சிகிச்சை பெறாத’ என்பதா, ‘சிகிச்சை தரப்படாத’ என்பதா? முன்னது நோயாளியின் விதி போல ஒலிக்கிறது. பின்னது, தராதவன் யார் என்று உடனே கேட்கவைக்கிறது. ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் நடுவில் வசதியாக ஒளிந்துகொண்டது. விஞ்ஞான நடையின் புறவயத்தன்மை என்று நாம் மதிக்கிற பல விஷயங்கள் இப்படி எழுவாயைத் தொலைப்பதில்தான் அடங்கியிருக்கின்றனவோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அந்த எழுவாயைத் தேடிய வாசகர் ஒருவர் இருந்தார். டெட்ராய்ட்டைச் சேர்ந்த இர்வின் ஷாட்ஸ் என்கிற இளம் இருதய மருத்துவர், 1964 கட்டுரையைப் படித்துவிட்டு 1965-ல் அதன் ஆசிரியருக்குச் சில வரிகளே கொண்ட கடிதம் எழுதினார். மருந்து இருக்கும்போது மனிதர்களை நோயோடு விட்டுவைத்துக் கவனிக்க எப்படி முடிகிறது என்பதே அதன் சாரம். கடிதம் கோப்பில் சேர்ந்தது. பதில் போகவில்லை. பின்னர் அத்துறையிலேயே வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966 முதல் ஆட்சேபித்தும் பலனில்லாமல், விஷயத்தைப் பத்திரிகைக்காரர்களிடம் கொண்டுபோனார். ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி 1972 ஜூலை 25-ல் வெளியாயிற்று. ஆராய்ச்சி அவ்வருஷமே நின்றது. நாற்பது வருஷம் மருத்துவப் பத்திரிகைகள் செய்யாததைத் தினசரி சில மாதங்களில் செய்துவிட்டது.

இடையில், ஹார்வர்டில் மயக்கமருந்தியல் பேராசிரியராக இருந்த ஹென்றி பீச்சர் 1966-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகை அதற்கு முன் திருப்பி அனுப்பிய விஷயம் அது. 22 ஆராய்ச்சிகளை எடுத்துக்காட்டினார். செய்தவர்களின் பெயரையோ, வெளியிட்ட பத்திரிகையையோ சொல்லவில்லை. தனிமனிதர்களைத் தூற்றுவதை விட நடைமுறையைச் சுட்டவே விரும்பினார். கட்டுரையின் கடைசிப் பகுதி பத்திராதிபர்களைப் பற்றியது: முறைகேடாகப் பெற்ற சாட்சியத்தைக் கோர்ட்டு தள்ளிவிடுவது போல, முறைகேடாகப் பெற்ற தகவல்களை அச்சிடக் கூடாது, மருத்துவத்துக்கு நஷ்டமானாலும் பரவாயில்லை. 1975-ல் டோக்கியோவில் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம் இதை விதியாகவே ஆக்கியது. 1978-ல் வான்கூவரில் கூடிய பத்திராதிபர்களின் குழு பிற்பாடு இப்படிப்பட்ட விதிகளை உலகெங்கும் பரப்பியது.

பீச்சரின் தர்க்கம் வலுவானது. உத்தியோக உயர்வு கட்டுரை எண்ணிக்கையில் தொங்குகிற இடத்தில், அச்சை மறுப்பது ஆசையின் வேரையே அறுப்பது. ஆனால் என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. 1936-ல் ஒரு பத்திராதிபர் அந்தக் கட்டுரையை மௌனமாகத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆராய்ச்சி அச்சேறாமலேயே நடந்திருக்கலாம். ஷாட்ஸ் படிக்க எதுவும் இருந்திருக்காது. குற்றத்துக்கு மரியாதை தேடித்தந்த அதே அச்சுதான் குற்றத்தின் சாட்சியத்தையும் காப்பாற்றி வைத்தது. ஆகவே மறுப்பது மட்டும் போதாது. ஏன் மறுக்கிறோம் என்று உரக்கச் சொல்லவும் வேண்டும்.

இன்று மருத்துவக் கட்டுரைகளில் நெறிக்குழுவின் ஒப்புதல் பெறப்பட்டது என்ற வரி தவறாமல் இருக்கிறது. அது அவசியமான வரிதான். ஆனால் வங்கியில் வவுச்சர்களில் இனிஷியல் போடும் எனக்கு, ஒரு கையெழுத்து எவ்வளவு சீக்கிரம் பார்வைக்குப் பதிலாகிவிடும் என்று தெரியும். ‘சிகிச்சை பெறாத’ என்ற சொல்லை வாசகர்கள் எப்படித் தாண்டிப் போனார்களோ, அப்படியே இந்த வரியையும் தாண்டிப் போகலாம்.

நம் சிறுபத்திரிகை உலகத்துக்கும் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. பிடிக்காத எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதையே விமர்சனத்தின் உச்சமாக நாம் பேசிக்கொள்கிறோம். அலபாமாவில் அந்த மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருளாயிற்று. ஷாட்ஸின் கடிதம் எதையும் நிறுத்தவில்லை என்பது வாஸ்தவம். இருந்தும், அத்தனை வருஷத்தில் அந்தக் கட்டுரைகளை யாரோ ஒருவர் உண்மையாகவே படித்தார் என்று நாம் சொல்ல முடிவது அந்தச் சில வரிகளால்தான்.