காய்ச்சலின் காரணத்தைக் குருதி கூறுமா?

காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகிறீர்கள். தொண்டை சிவந்திருக்கிறது, இருமலும் உண்டு. இதற்குக் காரணம் பாக்டீரியாவா, வைரஸா? வெளித்தோற்றத்தைக் கொண்டு சொல்வது பல வேளைகளில் இயலாது. பெனிசிலின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸிடம் அவை சிறிதும் பலிப்பதில்லை. வீணாகக் கொடுத்தால் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்கள் பெருக இடம் ஏற்படும். தேவையானவருக்குக் கொடுக்காமல் விட்டாலோ உயிருக்கே ஆபத்து. கிருமியை வளர்த்துப் பார்த்து முடிவு கூற ஓரிரு நாட்கள் ஆகும். அதற்குள் நோயாளியின் குருதியே விடை கூறாதா?

இதற்கு வழிகாட்டியவர்கள் உண்மையில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1930 ஆம் ஆண்டு. நியூயார்க் நகரில் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தின் மருத்துவமனை. பெனிசிலின் இன்னும் மருந்தாகாத காலம் அது. நிமோனியா பலரைக் கொண்டு போயிற்று. ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வுக்கூடத்தில் அந்நோய்க்குக் காரணமான நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் உடலிலிருந்து கிடைத்த சர்க்கரை வகைப் பொருள் ஒன்றுக்குச் ‘சி’ என்று பெயரிட்டிருந்தனர். வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவரும் நோயாளிகளின் ஊநீரில் இந்தச் ‘சி’யைக் கலந்து பார்த்தனர். தெளிவாயிருந்த ஊநீர் கலங்கி, வீழ்படிவு உண்டாயிற்று.

“எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கும், இதில் வியப்பென்ன?” என்று நீங்கள் கேட்கலாம். எதிர்ப்பொருள் நோய் தொடங்கிச் சில நாட்கள் கழித்தே தோன்றும். நோய் தீர்ந்த பின்னும் குருதியில் தங்கும். இங்கோ எல்லாம் தலைகீழ்! காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது வீழ்படிவு மிகுதி. காய்ச்சல் இறங்கியதும் அது மறைந்தே போயிற்று. அதுமட்டுமன்று, நிமோகாக்கஸுக்குத் தொடர்பே இல்லாத வேறு சில நோய்களிலும் இதே விளைவு தென்பட்டது. ஆகவே இது ஒரு குறிப்பிட்ட கிருமியின் அடையாளமன்று. உடலே எழுப்பும் அபாய அறிவிப்பு.

அந்தப் பொருள் ஒரு புரதம் என்றும், வினை நிகழக் கால்சியம் வேண்டும் என்றும் 1941 இல் ஏவரியும் காலின் மெக்லியோடும் காட்டினர். ‘சி’யுடன் வினைபுரிவதால் சி-வினைப் புரதம் என்று பெயர் வந்தது. சுருக்கமாக, சி.ஆர்.பி. 1947 இல் மெக்லின் மெக்கார்ட்டி அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். இந்த மூவரின் பெயர்களை உயிரியல் மாணவர்கள் அறிவார்கள். பாரம்பரியப் பண்புகளைக் கடத்துவது டி.என்.ஏ. என்று 1944 இல் காட்டியவர்கள் இவர்களே. அதற்கும் இதே நிமோகாக்கஸ்தான் உதவிற்று. ஒரு கிருமியை ஆண்டுக்கணக்கில் விடாமல் ஆராய்ந்ததன் பலனைப் பாருங்கள்!

சி.ஆர்.பி. கல்லீரலில் உண்டாகிறது. நலமாக இருப்பவரின் குருதியில் பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவு. கடுமையான பாக்டீரியா நோயில் ஓரிரு நாட்களில் 100ஐயும் தாண்டும். வைரஸ் நோய்களில் பெரும்பாலும் இவ்வளவு ஏறுவதில்லை. ஆனால் காயம், அறுவை, மூட்டழற்சி இவற்றாலும் ஏறும். அடினோவைரஸ் போன்ற சில வைரஸ்களும் ஏமாற்றும். எனவே இதைச் சாட்சியாகக் கொள்ளலாமே தவிர, நீதிபதியாகக் கொள்ளலாகாது.

இயற்பியல் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளக்கும் முறைகளுள் ஒன்றில், எதிர்ப்பொருள் பூசிய நுண்ணிய லேடக்ஸ் மணிகளை ஊநீரில் கலக்கிறார்கள். சி.ஆர்.பி. அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. மணிகள் திரளத் திரள, ஊடே செலுத்தும் ஒளி மேலும் சிதறுகிறது. அந்தச் சிதறலை அளந்தால் புரதத்தின் அளவு தெரிந்துவிடும்.

அடுத்த சாட்சி 1993 இல் பாரிஸில் கிடைத்தது. தைராய்டு சுரப்பியில் கால்சிடோனின் என்ற ஹார்மோன் உருவாவதற்கு முந்தைய நிலைப் பொருளுக்குப் புரோகால்சிடோனின் என்று பெயர். கடுமையான பாக்டீரியா நோயுற்றவர்களின் குருதியில் இது பன்மடங்கு பெருகியிருந்தது. தைராய்டை முன்பே அகற்றிவிட்ட ஒருவரிடமும் அது மிகுதியாகக் காணப்பட்டது! சுரப்பி இல்லாதவருக்கு அது எங்கிருந்து வந்தது? பாக்டீரியா தாக்கும்போது உடலின் பிற திசுக்களும் அதை உண்டாக்குகின்றன என்று விளங்கியது. வைரஸ் நோயில் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் இந்தப் பெருக்கத்தை அடக்கிவிடுகிறது.

இவ்விரண்டும் பாக்டீரியாவைக் காட்டிக்கொடுப்பவை. வைரஸைக் காட்டுவது எது? டிரெயில் என்னும் புரதம் வைரஸ் நோயில் ஏறி, பாக்டீரியா நோயில் இறங்குகிறது. இதனையும் சி.ஆர்.பி.யையும் ஐ.பி.-10 என்ற வேறொரு புரதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை 2015 இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

நடைமுறையில் பயன் என்ன? வியட்நாமின் வடபகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. கடுமையல்லாத சளி, இருமலோடு வந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் சி.ஆர்.பி. சோதனை செய்தார்கள். சோதனை இல்லாத பிரிவில் 100க்கு 78 பேர் பாக்டீரியா மருந்து உட்கொண்டனர். சோதனை செய்த பிரிவில் 64 பேர்.