டேஷ்போர்டில் ஸ்பீடு லிமிட் தப்பாக காட்டுகிறதா? ஒர்க்‌ஷாப் போகும் முன் இதை பாருங்க!

மதுரை,

நாலுவழிச்சாலையில் கார் 80 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டு இருக்கிறது. திடீரென டேஷ்போர்டில் சிவப்பு வட்டத்துக்குள் 30 என்று எண் வருகிறது. பதறிப்போன டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். பின்னால் வரும் லாரிக்காரருக்கு அந்த 30 எங்கே தெரியப்போகிறது?

இன்னொரு பக்கம், ஊருக்குள் பள்ளிக்கூட வாசல் வந்த பிறகும் டேஷ்போர்டு 80-ஐயே காட்டிக்கொண்டு இருக்கும். "கார்தான் 80 காட்டுதே" என்று மிதித்தால் அபராதத்தோடு போகாது. உயிருக்கே ஆபத்தாகி விடும்.

புது கார்களில் இந்த வசதி வர வர, "எண் தப்பா காட்டுது", "எண்ணே வர மாட்டேங்குது", "சும்மா சும்மா பீப் அடிக்குது" என்ற புலம்பலும் கூடவே வருகிறது. பாதி வண்டிகளில் பழுது என்று ஒன்றும் இருக்காது. வீட்டு வாசலிலேயே சரி செய்து விடலாம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

மூன்றும் வேறு வேறு

முதலில் குழப்பத்தை தீர்த்துக்கொள்ள வேண்டும். வேகம் சம்பந்தமாக காரில் 3 விதமான எச்சரிக்கை உண்டு.

முதலாவது, 80-ஐ தாண்டினால் அடிக்கும் பீப் சத்தம். 2019-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் இந்தியாவில் தயாராகும் எல்லா கார்களிலும் இது கட்டாயம். 80-ஐ தாண்டினால் விட்டு விட்டு அடிக்கும். 120-ஐ தாண்டினால் நிற்காமல் அடிக்கும். எந்த ரோட்டில் போனாலும் இதே கணக்குதான். ஆகவே இது பழுது கிடையாது. சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று ஒயரை பிடுங்கி விடுவது தப்பு.

இரண்டாவது, டிரைவரே மெனுவில் போய் வைத்துக்கொள்ளும் வேகம். யாரோ ஒருவர் 60 என்று வைத்திருப்பார். அடுத்து ஓட்டுகிறவர் அதை ரோட்டின் லிமிட் என்று நினைத்துக்கொள்வார். எந்த ஊருக்கு போனாலும் ஒரே எண் மாறாமல் நின்றால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவதுதான் உண்மையான ஸ்பீடு லிமிட் காட்டி. ரோட்டோர போர்டை கேமரா படித்து, அந்த எண்ணை டேஷ்போர்டில் காட்டும். இந்தியாவில் 2021-ல் வந்த மகிந்திரா எக்ஸ்.யூ.வி.700, 2023-ல் புதுப்பிக்கப்பட்ட டாடா ஹாரியர் போன்ற கார்களின் உயர் மாடல்களில் இந்த வசதி வந்தது.

எப்படி வேலை செய்கிறது?

முன்பக்க கண்ணாடியின் மேல்பகுதியில், உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்கு பின்னால் ஒரு சின்ன கேமரா இருக்கும். வெள்ளை தட்டு, சுற்றிலும் சிவப்பு வளையம், நடுவில் கருப்பு எண் என்று இருக்கும் போர்டை அது தேடிக்கொண்டே போகும். கண்டால் எண்ணை படித்து டேஷ்போர்டுக்கு அனுப்பும்.

சில கார்களில் கேமராவுடன் வரைபடமும் சேர்ந்து வேலை செய்யும். செயற்கைக்கோள் சிக்னலை வைத்து கார் எந்த ரோட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ரோட்டுக்கு பதிவான வேகத்தை எடுத்து காட்டும். போர்டே இல்லாத இடத்திலும் எண் வந்தால், அது பெரும்பாலும் வரைபடம் கொடுத்த எண்தான்.

செல்போனில் ஓடும் வரைபடத்தை கார் திரையில் போட்டு ஓட்டுபவர்களும் உண்டு. அதில் வரும் எண்ணும் டேஷ்போர்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்று அவசியம் இல்லை. இரண்டுக்கும் தகவல் வரும் வழி வேறு.

எண்ணே வரவில்லையா?

எண்ணுக்கு பதிலாக வெறும் கோடு வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ வரிசையாக இவற்றை பார்க்க வேண்டும்:-

1. மெனுவில் அந்த வசதி 'ஆன்' ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி கழற்றி மாட்டிய பிறகும், சாப்ட்வேர் ஏற்றிய பிறகும் சில செட்டிங்குகள் பழைய நிலைக்கு போய் விடுவது உண்டு.

2. கேமராவுக்கு நேரே உள்ள கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் ஈரத்துணியால் துடையுங்கள். தூசி, பூச்சி கறை, பனி மூட்டம் ஆகியவை போதும், கேமராவுக்கு கண் தெரியாமல் போக.

3. நம்மூர் கார்களுக்கென்றே சில காரணங்கள் உண்டு. ஆயுதபூஜைக்கு கண்ணாடியில் வைத்த சந்தனம், குங்குமம் காய்ந்து அப்படியே இருக்கும். கண்ணாடியில் தொங்கும் மாலை ஆடி ஆடி கேமராவை மறைக்கும். டேஷ்போர்டில் இருக்கும் சாமி படம், வெள்ளை துணி ஆகியவை வெயிலில் கண்ணாடியில் எதிரொளிக்கும். பொட்டை கேமராவுக்கு கீழே தள்ளி வைத்தாலே பிரச்சினை தீர்ந்து விடும்.

4. கருப்பு ஸ்டிக்கர், சுங்கச்சாவடி ஸ்டிக்கர் ஆகியவை கேமராவை மறைக்கிறதா என்று பாருங்கள். கார் கண்ணாடியில் கருப்பு பிலிம் ஒட்ட 2012-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது.

5. காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, கதவை பூட்டி 10, 15 நிமிடம் விட்டு மறுபடி எடுத்து பாருங்கள். செல்போனை அணைத்து போடுவது மாதிரிதான். சில நேரம் இதிலேயே சரியாகி விடும்.

இதையெல்லாம் பார்த்து விட்டு, போர்டு தெளிவாக இருக்கும் ரோட்டில் பகலில் ஓட்டி பாருங்கள். அப்போதும் வராவிட்டால்தான் ஒர்க்‌ஷாப்.

எண் தப்பாக வருகிறதா?

எண் வருகிறது, ஆனால் தப்பாக வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் ரோட்டில் இருக்கும்.

சர்வீஸ் ரோட்டுக்கு வைத்த 30 போர்டை, பக்கத்தில் மெயின் ரோட்டில் போகும் காரின் கேமரா படித்து விடும். பாலம் வேலை முடிந்து மாதக்கணக்கில் ஆகியும் 20 போர்டை எடுக்காமல் விட்டிருப்பார்கள். அதையும் படிக்கும். போர்டு மேல் போஸ்டர் ஒட்டி இருந்தாலோ, மரக்கிளை மறைத்தாலோ படிக்காது. பழைய எண்ணே டேஷ்போர்டில் நிற்கும்.

முன்னால் போகும் வண்டியும் ஏமாற்றும். 2015-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதிக்கு பிறகு தயாரான பஸ், லாரிகளுக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி வேகக்கட்டுப்பாட்டு கருவி கட்டாயம். பள்ளி பஸ், டேங்கர் லாரிகளுக்கு அது 60. அந்த எண்ணை வண்டியின் பின்னால் வட்டமாக போட்டிருந்தால், கேமரா அதை ரோட்டு போர்டு என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

வண்டிக்கு வண்டி லிமிட் மாறுவதும் ஒரு சிக்கல். சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்து போலீசார் நிர்ணயித்தபடி காருக்கு 60, மோட்டார் சைக்கிளுக்கும் கனரக வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்பு பகுதியில் எல்லோருக்கும் 30. ஒரே கம்பத்தில் 3 எண் இருந்தால் எது நமக்கு என்று டிரைவருக்கு தெரியும். கேமராவுக்கு தெரிய வேண்டுமே!

வரைபடத்தை நம்பும் கார்களுக்கு மேம்பாலத்தில் திணறல் வரும். மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட நத்தம் ரோடு பறக்கும் பாலம் 7.3 கி.மீ. நீளம். பாலமும் அதன் கீழே உள்ள ரோடும் ஒரே தடத்தில் போகின்றன. கார் மேலே போகிறதா, கீழே போகிறதா என்பது செயற்கைக்கோள் சிக்னலை மட்டும் வைத்து லேசில் தெரியாது. வரைபடம் பழசாக இருந்தால் பாலமே இல்லாத மாதிரி காட்டும். அதற்கு வரைபடத்தை அப்டேட் செய்வதுதான் மருந்து.

கண்ணாடி மாற்றினீர்களா?

கல் பட்டு முன்கண்ணாடி உடைந்து புதுசு போட்ட பிறகு தொல்லை ஆரம்பித்தால் காரணம் கிட்டத்தட்ட தெரிந்த மாதிரிதான். கேமராவை மறுபடி அளவு பார்த்து நிறுத்தி இருக்க மாட்டார்கள். இதை 'காலிபரேஷன்' என்பார்கள். காருக்கு முன்னால் குறிப்பிட்ட தூரத்தில் பலகை வைத்தோ, ஸ்கேனரை மாட்டி ரோட்டில் ஓட்டியோ செய்ய வேண்டிய வேலை இது. முன்பக்கம் இடிபட்டு பட்டறை வேலை பார்த்த கார்களுக்கும், சஸ்பென்ஷன் உயரம் மாறிய கார்களுக்கும் இது தேவைப்படலாம்.

இதை சும்மா விடக்கூடாது. லேன் மாறினால் எச்சரிக்கும் வசதி, தானாக பிரேக் போடும் வசதி ஆகியவையும் பல கார்களில் அதே கேமராவை நம்பித்தான் ஓடுகின்றன. எண் தப்பாக வருவது, பிரேக் தப்பான நேரத்தில் பிடிக்கப்போவதற்கு முன் அறிவிப்பாகவும் இருக்கலாம். கண்ணாடி மாற்ற இன்சூரன்சு கேட்கும்போது, காலிபரேஷன் செலவும் அதில் சேருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சில கார்களில் குரூஸ் கண்ட்ரோல், கேமரா படித்த எண்ணுக்கு ஏற்ப வேகத்தை தானாக குறைக்கும். எண் தப்பாக வரும் காரில், சரியாகும் வரை அந்த இணைப்பை மெனுவில் அணைத்து வைக்க வேண்டும்.

முள்ளும் கொஞ்சம் கூடத்தான் காட்டும்

"முள் 80 காட்டுது, செல்போன் 75 காட்டுது, மீட்டர் ரிப்பேரா?" என்று கேட்பவர்கள் பலர். ரிப்பேர் இல்லை. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தை விட குறைத்து காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டி காட்டலாம் என்பதுதான் ஐ.நா. வாகன விதி. உண்மை வேகம் 80 என்றால் மீட்டர் 92 வரை காட்ட அந்த விதியில் இடம் உண்டு. ஆனால் கம்பெனி அளவை விட பெரிய டயர் போட்டால் கணக்கு தலைகீழாகி, மீட்டர் குறைத்து காட்டும். அது ஆபத்து.

அபராதம் வந்தால்?

"டேஷ்போர்டில் 80 காட்டியது சார்" என்று சொன்னால் போலீசார் விட மாட்டார்கள். மோட்டார் வாகன சட்டம் 183-வது பிரிவின்படி கார் ஓட்டுபவருக்கு அபராதம் ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை. ரோட்டு போர்டுதான் கணக்கு, கார் காட்டும் எண் ஒரு உதவி மட்டுமே. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் புது கார் அனைத்திலும் வேக எச்சரிக்கை வசதி கட்டாயம். அங்கேயும் டிரைவர் அதை மீறி ஓட்ட முடியும். பொறுப்பு டிரைவருக்குத்தான்.

தேசிய நெடுஞ்சாலையில் தேவையில்லாத பழைய போர்டு நின்றாலோ, போர்டு மறைந்து கிடந்தாலோ 1033 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். ஒரு போர்டை சரி செய்தால் அந்த வழியாக போகும் எல்லா காருக்கும் எண் சரியாகி விடும்.

வாரண்டி காலத்தில் ஒர்க்‌ஷாப்புக்கு போகும்போது தப்பாக காட்டிய இடம், நேரம், போர்டில் இருந்த எண், டேஷ்போர்டில் வந்த எண் ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். போட்டோவை பக்கத்தில் இருப்பவர்தான் எடுக்க வேண்டும், ஓட்டுபவர் எடுக்கக்கூடாது. ஜாப் கார்டில் புகாரை எழுதி வாங்குங்கள். "எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று வாய்வார்த்தையில் அனுப்பி விட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது அந்த ஜாப் கார்டுதான்.