வெர்முத்: மருந்தாகப் பிறந்த மது

வெர்முத் இத்தாலி நாட்டு மது. அதன் பெயரோ ஜெர்மானியச் சொல். ஜெர்மானியர் 'வெர்மூட்' என்று வழங்கும் கசப்புப் பூண்டின் பெயரே அது. சித்த மருத்துவர் அறிந்த மாசிபத்திரி இப்பூண்டுக்கு இனமானது. தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தோர் இதனை 'எட்டி' என்றனர். எட்டி வேறொரு மரம். கசப்பு ஒன்றே இரண்டிற்கும் பொது.

இப்பூண்டை மதுவில் ஊறவைத்து வயிற்று நோய்க்குக் கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டினரான உரோமானிய அறிஞர் பிளினி அத்தகைய மதுவைக் குறிப்பிடுகிறார். ஆகவே, 1786இல் டூரின் நகரத்து அந்தோனியோ பெனதெத்தோ கார்ப்பானோ என்பவர் வெர்முத்தைக் கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதிவருவதை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. மருந்தாக இருந்ததை, மாலைப் பொழுதில் கூடிப் பேசுவோர் விரும்பிப் பருகும் இனிய பானமாக்கி விற்றதே அவர் செய்தது. அதுவும் சிறிய செயலன்று.

டூரின் இதற்கு வாய்த்த இடம். ஒருபுறம் ஆல்ப்ஸ் மலையின் பூண்டுகள். மறுபுறம் பியட்மாந்துப் பகுதியின் மஸ்கட் திராட்சைத் தோட்டங்கள். நறுமணப் பொருள்களோ கீழ்த்திசையிலிருந்து கப்பலேறி வந்தன. அவற்றுள் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் தாயகம் மலுக்குத் தீவுகளே.

திராட்சை மதுவில் சர்க்கரையும் சாராயமும் கூட்டி, பூண்டுகளின் சாரத்தைச் சேர்ப்பது செய்முறை. சிவப்பு வெர்முத்தின் நிறம் சிவப்புத் திராட்சையால் வந்தது என்று எண்ணுவோர் உண்டு. பெரும்பாலும் அது வெள்ளை மதுவே. நிறம் கருக்கிய சர்க்கரையினுடையது. இன்றைய ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, நூற்றுக்கு 75 பங்கேனும் திராட்சை மது இருத்தல் வேண்டும். சாராயச் சத்து 14.5 முதல் 22 விழுக்காடு வரை இருக்கலாம். மாசிபத்திரி இனப் பூண்டு இன்றேல் வெர்முத் என்ற பெயரே இல்லை!

உணவுக்கு முன் பசியைத் தூண்டப் பருகுவதால் இவ்வகை மதுவை இத்தாலியர் 'அப்பெரித்திவோ' என்பர். 'திற' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெர்முத் அமெரிக்கா சென்று, காக்டெயில் எனப்படும் கலப்பு மதுவில் இடம்பெற்றது. விஸ்கியோடு கலந்தபோது அது 'மன்ஹாட்டன்' ஆயிற்று. அந்நாட்டுப் பழைய நூல்கள் இனிப்பான சிவப்பு வகையை 'இத்தாலி வெர்முத்' என்றும், இனிப்புக் குறைந்ததைப் 'பிரெஞ்சு வெர்முத்' என்றும் பிரித்தன. இத்தாலியிலோ மிலான் நகரக் காம்பாரியும் வெர்முத்தும் சோடாவும் சேர்ந்து 'அமெரிக்கானோ' ஆயின. சோடாவுக்குப் பதில் ஜின் சேர்த்து, மூன்றையும் சம அளவில் கலந்தால் 'நெக்ரோனி'. 1919இல் பிளாரன்ஸ் நகரில் நெக்ரோனி என்ற பிரபு ஒருவர் இவ்வாறு கேட்டுப் பருகினார் என்பது கதை. அதற்குரிய சான்றுகள் இன்றும் வாதத்திற்குரியனவே.