கடற்கரைப் பட்டறைக்கு வந்த மின்பெட்டி

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி வழியாகக் கற்பிட்டி வரை, படகு பழுதுபார்க்கும் கொட்டில்களும் தச்சுப் பட்டறைகளும் வெல்டிங் பட்டறைகளும் பெரும்பாலும் வீட்டிலிருந்து விலகியே நிற்கின்றன. கிடுகுக் கூரைக்குப் பக்கத்தில் தீப்பொறி ஆகாது. பைபர் படகுக்குப் பூசும் பிசினின் நெடி வீட்டுக்குள் வரக்கூடாது. படகை மணலில் இழுத்து ஏற்ற இடமும் வேண்டும். அதனால் பட்டறை வளவின் கோடியிலோ கரையின் ஓரத்திலோ அமைந்தது. மின்சாரம் வந்தபோது அதே விலகல் ஒரு தொழில்நுட்பக் கேள்வியானது: வீட்டு மீற்றரிலிருந்து முப்பது, நாற்பது மீற்றர் தள்ளியிருக்கும் கொட்டிலுக்கு எந்தக் கம்பியில், எந்தப் பெட்டியின் வழியாகக் கரண்ட் கொடுப்பது?

மின்சாரத்துக்கு முந்திய பட்டறை கைவலிமையாலும் டீசல் எஞ்சினாலும் இயங்கியது. 1950களின் கடைசியிலிருந்து மீன்பிடிப் படகுகளில் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. பாய்மரக் காலத்தில் தச்சனும் வலை முடிபவனும் போதும். எஞ்சின் வந்த பிறகு துளையிடவும் தீட்டவும் உலோகம் ஒட்டவும் ஆள் தேவைப்பட்டது. கரையோரத்தில் இயந்திரப் பட்டறை என்ற தொழில் வேரூன்றியது அப்போதுதான்.

இலங்கையில் நீர்மின்சாரத்துக்கான வாதத்தைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் முன்வைத்தார். அது நடைமுறைக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. லக்சபான நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. மலைநாட்டில் பிறந்த மின்சாரம் கொழும்பையும் தோட்டங்களையும் முதலில் அடைந்தது. வடமேல் கரையோரக் கிராமங்கள் நீண்டகாலம் காத்திருந்தன. இலங்கை மின்சார சபை 1969 இல் உருவானது. 1970 இல் பாலாவிப் பக்கம் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதும் பெரிய அளவில் மின்சாரம் கேட்கும் நுகர்வோர் ஒருவர் இந்தக் கரைக்கு வந்தார். கிராம மின்மயமாக்கல் திட்டங்கள் அதன் பின் படிப்படியாகத் தெருவுக்குத் தெரு தூண் நட்டன.

அந்த முதல் தலைமுறை இணைப்புகளில் பட்டறைக்கெனத் தனிப் பெட்டி அரிது. வீட்டுச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் மீற்றர், இரும்பு உறையிட்ட மெயின் சுவிட்ச், பீங்கான் பியூஸ்கள். அங்கிருந்து ஒரு வயர் தென்னை மரங்களில் கட்டப்பட்டுக் கொட்டிலுக்குப் போகும். பியூஸ் எரிந்தால் கையில் கிடைத்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். 15 அம்பியருக்கு உருக வேண்டிய இடத்தில் 60 அம்பியருக்கும் உருகாத கம்பி இருந்தால் பியூஸ் தப்பும், வயர் எரியும். கிடுகுக் கூரையின் கீழ் இது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆயினும் இந்தக் கரையில் பியூஸைவிடக் கவனிக்க வேண்டியது எர்த். இலங்கையில் வீடுகளுக்கான விநியோக முறையில் மின்மாற்றியின் நடுநிலைக் கம்பி அங்கேயே நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். நுகர்வோர் தம் எர்த் கோலைத் தாமே நிலத்தில் அடிக்க வேண்டும். ஒழுகும் மின்சாரம் மண்ணின் வழியே திரும்புகிறது. கற்பிட்டித் தீபகற்பத்தின் காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் விடுவதில்லை. கோலின் தடை 100 ஓம் என்று கொள்வோம். துளையிடும் இயந்திரத்தின் இரும்பு உடலில் 230 வோல்ற்று ஏறினால் மண்ணின் வழியே ஓடக்கூடியது 2.3 அம்பியர்தான். 15 அம்பியர் பியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது. இயந்திரம் மின்னேறியபடியே நிற்கும். ஈரக் காலோடு அதைத் தொடுபவர் உயிரிழக்கலாம். கடலிலிருந்து நேரே பட்டறைக்கு வரும் மீனவரின் கால் எப்போதும் ஈரந்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது ட்ரிப் சுவிட்ச். போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லியம்பியர் அளவு வேறுபாடு தெரிந்தாலே அது இணைப்பைத் துண்டிக்கிறது. அதே 100 ஓம் கோலில் 30 மில்லியம்பியருக்கு எழும் அழுத்தம் 3 வோல்ற்று. ஆளைக் கொல்லாத அளவு. மிகைப்பளுவைக் கவனிக்கும் எம்.சி.பி. வேறு வேலை செய்கிறது. அதன் மூலவடிவம் 1924 இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஸ்டொட்ஸ் நிறுவனத்தில் காப்புரிமை பெற்றது. ஒன்று ஆளைக் காக்கிறது, மற்றது வயரைக் காக்கிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. பட்டறைகளில் இன்றும் நடக்கும் தவறுகளில் பெரியது, எம்.சி.பி. இருக்கிறது என்ற தைரியத்தில் ட்ரிப் சுவிட்சைக் கழற்றி நேரே இணைப்பதுதான்.

1980களில் இறால் வளர்ப்பு வந்தது. முந்தலையும் சிலாபத்தையும் சுற்றிய களப்போரங்களில் குளங்கள் வெட்டப்பட்டன. நீரைச் சுழற்றிக் காற்றேற்றும் சக்கரங்களும் பம்பிகளும் இரவு பகலாக ஓட வேண்டும். அவற்றுக்கு மூன்று பேஸ் இணைப்பு தேவைப்பட்டது. 1990களில் வெண்புள்ளி நோய் அந்தத் தொழிலை உலுக்கியபோது பல குளங்கள் கைவிடப்பட்டன. ஆனால் மூன்று பேஸ் மோட்டார்களோடு பழகிய கைகள் கரையோரத்தில் தங்கிவிட்டன.

1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம், பாலாவி, கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்தார்கள். முகாம் கொட்டில்களாகத் தொடங்கிய குடியிருப்புகள் நிரந்தர வீடுகளாக ஆண்டுகள் பல சென்றன. கடல், கமம், கடை, கைத்தொழில் எதுவாயினும் கையில் இருந்த தொழிலைப் புதிய மண்ணில் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. இணைப்பு கிடைத்த வீட்டிலிருந்து கிடைக்காத கொட்டிலுக்கு வயர் இழுப்பதை அந்த நெருக்கடியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல.

பட்டறைக்கு எவ்வளவு மின்சாரம் போதும் என்பதில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 30 அம்பியர் ஒற்றைப் பேஸ் இணைப்பு ஏறக்குறைய 6.9 கிலோவோல்ற்று அம்பியர் தரும். அதே 30 அம்பியர் மூன்று பேஸில் 20 ஐத் தாண்டும். பழைய மின்மாற்றி வகை வெல்டிங் இயந்திரத்தைத் தட்டினால் அயல்வீட்டு விளக்குகள் மங்கும். இன்றைய இன்வேர்ட்டர் வகை அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் முடிக்கிறது. அதனால் சிறு பட்டறைகள் பலவற்றுக்கு ஒற்றைப் பேஸே போதும். மோட்டாரும் வெல்டிங்கும் தொடக்கத்தில் பலமடங்கு மின்சாரம் இழுப்பதால் வீட்டுக்குரிய பி வகை எம்.சி.பி. காரணமின்றி விழும், சி வகையே ஏற்றது. தூரம் அடுத்த கணக்கு. 40 மீற்றர் தொலைவுக்கு 4 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் 25 அம்பியர் போனால் 11 வோல்ற்று வழியிலேயே குறையும். 10 சதுர மில்லிமீற்றர் கம்பியில் இழப்பு நாலரை வோல்ற்றுக்கும் குறைவு. கம்பியில் மிச்சம் பிடித்த காசு எரிந்த மோட்டாரில் போய்விடும்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. இதே கரையின் மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே காற்றுதான். இரும்புப் பெட்டி சில ஆண்டுகளில் துருப்பிடித்துக் கதவு மூடாமல் போகும். உள்ளே செப்பு முனைகள் பச்சை பூத்து, இறுக்கம் தளர்ந்து, சூடேறும். ரப்பர் விளிம்பிட்ட பிளாஸ்டிக் பெட்டி பரவியதற்கு விலை ஒரு காரணம், உப்பு அதைவிடப் பெரிய காரணம். வயர் கீழ்ப்பக்கமாகவே நுழைய வேண்டும். பிசின் பூசும் இடத்துக்குள் பெட்டியை வைக்கவே கூடாது. அந்த ஆவி பற்றக்கூடியது, சுவிட்சோ பொறி விடும்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் 300 மெகாவோற்று அலகு 2011 இல் இயங்கத் தொடங்கியது. 2014 இல் மொத்தம் 900 ஆனது. நாட்டின் மிகப்பெரிய மின்நிலையம் இந்தக் கரையிலேயே நிற்கிறது. ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் 220 கிலோவோல்ற்றுக் கம்பியில் தேசிய வலையமைப்புக்குப் போகிறது. வலையமைப்பு விழுந்தால் நிலையமும் விழும். 2016, 2020, 2025 ஆகிய ஆண்டுகளில் நாடு தழுவிய மின்தடைகள் அதைக் காட்டின. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டபோது பட்டறைகள் ஜெனரேற்றரை நாடின. அங்கே மாற்று சுவிட்ச் கட்டாயமாகிறது. அது இல்லாமல் ஜெனரேற்றரைப் பெட்டியில் செருகினால் மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பி ஏறி, தூணில் வேலை செய்பவரைக் கொல்லும். வலையமைப்போடு இணைந்த சாதாரணக் கூரைச் சூரியத் தகடு மின்வெட்டில் தானாக நின்றுவிடுவதும் இதே காரணத்தால்தான்.

ஆக, இந்தக் கரையில் விலகி நிற்கும் பட்டறைக்குத் தகுந்த பெட்டியில் முழு இணைப்பையும் துண்டிக்கும் பிரதான சுவிட்ச், 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி எம்.சி.பி., ஜெனரேற்றர் இருந்தால் மாற்று சுவிட்ச், கொட்டிலுக்கே உரிய எர்த் கோல் ஆகியவை இருக்க வேண்டும். கோல் காய்ந்த மணலைத் தாண்டி நிலத்தடி நீரின் ஈரத்தைத் தொட வேண்டும். உப்பு நீர் கோலையும் அரிக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை கோடையின் இறுதியில், மண் மிக வறண்டிருக்கும்போது, தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு அதன் தடையை அளந்து பாருங்கள். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாத சுவிட்சை அன்றே மாற்றிவிடுங்கள்.