மகளிர் கல்லூரிகளில் தலைமை கைமாறிய வரலாறு

ஆசிய நாடுகளில் கிறிஸ்தவ மகளிர் கல்லூரிகள் தோன்றிய வரலாற்றை நாம் பெரும்பாலும் தனிமனிதர் வரலாறாகவே படித்து வந்துள்ளோம். லக்னோவுக்கு இசபெல்லா தோபர்ன், சென்னைக்கு எலினார் மக்டூகல், வேலூருக்கு ஐடா ஸ்கடர் என நிறுவியோரின் பெயர்களை நன்றியுடன் நினைவுகூருகிறோம். அது தக்கதே. ஆயினும், இவர்களுக்குப் பின்னால் நின்று நிதி திரட்டியும், ஆசிரியைகளை அனுப்பியும், மாணவியருக்கு மேற்படிப்பு அளித்தும் உழைத்த பெண்களின் கூட்டுறவு இன்றி இக்கல்லூரிகள் நிலைத்திரா. அக்கூட்டுறவு எவ்வாறு இயங்கிற்று, அதனால் அந்தந்த நாட்டுப் பெண்கள் எப்போது தலைமைக்கு வந்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கூட்டுறவின் அமைப்பு

1869இல் பாஸ்டன் நகரில் மெதடிஸ்டுப் பெண்கள் தங்களுக்கென ஓர் அயல்நாட்டு மிஷன் சங்கத்தை நிறுவினர். அச்சங்கம் முதன்முதல் அனுப்பிய இருவருள் ஒருவரே தோபர்ன் அம்மையார். 1870இல் லக்னோவின் அமினாபாத் கடைவீதியில் ஆறு சிறுமியரோடு அவர் தொடங்கிய பள்ளியில் 1886இல் கல்லூரி வகுப்புகள் ஏற்பட்டன. சென்னையில் 1915இல் 12 மிஷன் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியைத் தொடங்கின. முதலில் சேர்ந்த மாணவியர் 41 பேர். தென்னிந்தியத் திருச்சபைகளின் ஐக்கியத்தைக் குறித்துத் தரங்கம்பாடியில் 1919இல் பேச்சுத் தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே பெண்கல்வி பல சபையாரை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது என்பது கருதத்தக்கது.

1920களின் தொடக்கத்தில் லூசி பீபாடி அம்மையாரின் தலைமையில் அமெரிக்கப் பெண்கள் இந்தியா, சீனா, ஜப்பான் நாடுகளிலுள்ள ஏழு மகளிர் கல்லூரிகளுக்காக நிதி திரட்டினர். லக்னோ, சென்னைக் கல்லூரிகளும் வேலூர் மருத்துவப் பள்ளியும் அவற்றுள் அடங்கும். பெண்கள் 20 இலட்சம் டாலர் சேர்த்தால் 10 இலட்சம் தருவதாக ராக்பெல்லர் குடும்ப அறநிதி ஒன்று வாக்களித்தது; 1923இல் இலக்கு எட்டப்பட்டது.

நிதியோடு தோழமையும் வளர்ந்தது. அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரி 1920இல் சென்னைக் கல்லூரியைத் தன் சகோதரிக் கல்லூரியாக ஏற்றது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1917இல் ஏற்பட்ட பார்பர் உதவித்தொகை ஆசியப் பெண்களுக்கு உயர் ஆய்வின் வாயிலைத் திறந்தது. சென்னைக் கல்லூரியில் கற்பித்த ஜானகி அம்மாள் அதன் உதவியால் அங்குச் சென்று, 1931இல் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

2. தலைமை கைமாறிய காலம்

சீனாவின் நாங்கிங் நகரிலிருந்த கின்லிங் மகளிர் கல்லூரி 1915இல் திறக்கப்பட்டது. 1919இல் அங்குப் பட்டம் பெற்ற முதல் ஐவருள் ஒருவரான ஊ யீபாங், பார்பர் உதவித்தொகை பெற்று மிச்சிகனில் ஆய்வுப் பட்டம் முடித்து, 1928இல் அக்கல்லூரியின் தலைவரானார். 1945இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் கையொப்பமிட்ட சில பெண்களுள் அவரும் ஒருவர். இம்மாற்றம் மிஷன் சங்கங்களின் பெருந்தன்மையால் மட்டும் நிகழ்ந்ததன்று. 1927இல் நாங்கிங்கில் நிகழ்ந்த கலவரத்தால் அயல்நாட்டார் வெளியேறினர். கல்வி நிறுவனங்களின் தலைமை சீனரிடம் இருக்கவேண்டும் என்று தேசிய அரசும் வற்புறுத்தியது. அரசியல் கதவைத் திறந்தது. உள்ளே செல்ல ஒருவர் ஆயத்தமாயிருந்தமைக்குக் கூட்டுறவே காரணம்.

நம் நாட்டிலோ காலம் நீண்டது. லக்னோவில் கற்று அங்கேயே கற்பித்த லீலாவதி சிங், 1900இல் நியூயார்க்கில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் உரையாற்றியவர், 1909இல் மறைந்தார். எனினும் அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வராகக் கான்ஸ்டன்ஸ் பிரேம்நாத் தாஸ் பொறுப்பேற்றது 1939இலேயே. கல்லூரி வகுப்புகள் தொடங்கி 53 ஆண்டுகள் கடந்திருந்தன. சென்னையிலும் 1915 முதல் 1947 வரை மக்டூகல், ரிவெட் என்னும் அயல்நாட்டுப் பெண்மணிகளே முதல்வர்களாயிருந்தனர். அவர்களுடைய தொண்டில் குறைகாண்பது என் எண்ணமன்று. தகுதியுள்ளோரை உருவாக்குதல் வேறு, அவர்களுக்கு இடம் விடுதல் வேறு. முன்னதைச் செய்தோர் பின்னதையும் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வது எளிது என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது.

3. சாரா சாக்கோவின் வினா

1945இல் லக்னோ கல்லூரியின் முதல்வரான சாரா சாக்கோ, திருச்சூரில் பிறந்து சென்னையில் பயின்ற சிரியன் மரபுக் கிறிஸ்தவர். 1948இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய உலகத் திருச்சபைகள் மாமன்றத்தில், திருச்சபையில் பெண்களின் பணியும் நிலையும் குறித்த அறிக்கையை முன்வைத்தார். கல்லூரியை நடத்தும் திறன் பெண்களுக்கு உண்டெனில், திருச்சபையின் ஆலோசனைகளில் அவர்களுக்குரிய இடம் யாது என்னும் வினா உலகச் சபைகளின்முன் எழுந்தது. 1951இல் மன்றத்தின் தலைவர்களுள் ஒருவராகத் தெரிந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியும் அவரே. 1954 ஜனவரியில், தம் 48ஆம் வயதில் மறைந்தார். கூட்டுறவின் பயனைப் பெற்ற ஒரு தலைமுறை, அதே கூட்டுறவை வழிநடத்தவும் கேள்வி கேட்கவும் வல்லதாயிற்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

4. நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றில் மூன்று கண்ணிகளைக் காண்கிறோம்: நிதி, பயிற்சி, இடம். முதலிரண்டையும் தொலைவிலுள்ளோர் தரலாம். மூன்றாவதை உள்ளூர் ஆட்சிக்குழுவே தரவேண்டும். ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல் பெபேயாளைப் பலருக்கு ஆதரவாயிருந்தவர் என்று சொல்வதோடு நிற்கவில்லை. சபையார் அவரை ஏற்று, வேண்டிய உதவியைச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறார்.

நம் இறையியல் கல்லூரிகளில் பெண்கள் பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். அவர்களுள் எத்தனை பேரை நாம் ஆய்வுப் படிப்புக்கு அனுப்பியிருக்கிறோம்? திரும்பி வந்தோருக்கு ஆசிரியர் பணியும் ஆட்சிக்குழுவில் இடமும் அளித்தோமா? இவற்றுக்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே, நம் கல்லூரிகளிலும் மாற்றம் 13 ஆண்டுகளில் வருமா, 53 ஆண்டுகள் ஆகுமா என்பது அமையும்.